மூணாங்கிளாஸை யார் பார்ப்பது? நீலகிரி மலைப் பள்ளிகளில் ஒரு டிஜிட்டல் பயிற்சி

கோத்தகிரிப் பக்கம் ஒரு குறுவள மையத்தின் (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் மையம்) கீழ் வரும் சில ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 2024-25 கல்வியாண்டில் ஸ்மார்ட் போர்டும் டேப்பும் (டேப்லெட்) எப்படிப் புழங்கின, அவற்றுக்காக ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சி எங்கே முட்டி நின்றது, அப்புறம் எப்படி நகர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்றுநராக அந்தப் பள்ளிகளுக்குப் போய்வருவது என் வேலை. பள்ளிப் பெயர், ஆசிரியர் பெயர் எதுவும் இதில் இருக்காது; எல்லோரும் இன்னும் பணியில் இருக்கிறார்கள், தன் வகுப்பில் சொதப்பியதை இன்னொருவர் எழுத யாரும் விரும்பமாட்டார்கள்.

முதலில் பள்ளிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. சமவெளியிலிருந்து வருபவர்கள் "பள்ளி" என்றதும் வகுப்புக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு டீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிதான். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவரை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. ஹட்டியை, அதாவது படகர் ஊரை, ஒட்டிய பள்ளியில் படகர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டியதில் தேயிலைத் தொழிலாளர் பிள்ளைகள், கீழே சரிவில் இருப்பவற்றில் இருளர், குறும்பர் குடியிருப்புப் பிள்ளைகள். ஒரு வகுப்பில் நான்கு பேர், இன்னொன்றில் ஏழு பேர், சில சமயம் ஒரு வகுப்பில் ஒரே ஒரு பையன்.

போதாததற்கு இந்தப் பிள்ளைகளை வகுப்பு வாரியாக மட்டும் பிரித்து உட்கார வைக்க முடியாது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் நீட்டித்தார்கள். யோசனை நல்ல யோசனைதான், எழுத்தே தெரியாத பிள்ளையையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளையையும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் ஒரே அறையில் மூன்று வகுப்பு, அதற்குள் மூன்று நிலை என்றால், டீச்சர் ஒரு கூட்டத்தோடு உட்காரும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி காலை மணி அடித்ததும் தொடங்கி சாயங்காலம் வரை ஓடும். இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கியவை

கருவிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பக்கத்துக்குப் பக்கம் க்யூ.ஆர். குறியீடு இருந்தது, திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் காணொலி வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதே மாதம் ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் நிஷ்டா பயிற்சி, கொரோனாக் காலத்தில் அது 18 கட்டகங்களாகச் செல்போனுக்குள் வந்தது. 2023-இல் பாடக் காணொலிகளுக்கான மாநில அரசின் மணற்கேணி செயலி. 2024-இல் தொடக்க, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்கு டேப், தொடக்கப்பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்கிற கணினிக் கூடம்.

ஒவ்வொன்றோடும் ஒரு பயிற்சி வந்தது. நிஷ்டாவை நானும் முடித்தேன், சான்றிதழும் இருக்கிறது. அதில் படிக்க உருப்படியான விஷயங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசித் தேதிக்கு முந்தின இரவு எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அம்மாவுக்காக "அடுத்து, அடுத்து" என்று அழுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதற்காக ஆசிரியர்களைத் திட்டுவதில் நியாயமில்லை. காணொலியைப் பார்த்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர்கள் அதைச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்மார்ட் போர்டுக்கான பயிற்சி வழக்கமான அடுக்கு முறையில் வந்தது. மாநிலக் கருத்தாளர் (பயிற்சி கொடுப்பவர்) மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் வட்டாரத்துக்குச் சொல்வார், வட்டாரத்தில் நாங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்வோம். மேலே ஒரு வாரம் பேசியது கீழே வரும்போது ஒரு மதியமாகச் சுருங்கியிருக்கும். கூடத்தில் ஒரே ஒரு போர்டு, எதிரே வரிசையாக நாற்காலிகள். எப்படி ஆன் செய்வது, எந்த விரலால் பெரிதாக்குவது, எங்கே எழுதுவது, எழுதியதை எப்படிச் சேமிப்பது, பென் டிரைவ் எங்கே செருகுவது. நான்கைந்து பேர் முன்னால் வந்து தொட்டுப் பார்த்தார்கள். மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கூகுள் ஃபார்மில் வினா, எல்லோருக்கும் நல்ல மதிப்பெண்.

அன்றைக்குக் கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டார்: "சார், எல்லாம் சரி. இதுல எந்த பட்டனை அழுத்தினா மூணாங்கிளாஸ் சத்தம் போடாம இருக்கும்?"

கூடமே சிரித்தது. கருத்தாளரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். ஆனால் அந்த நாளில் வந்த ஒரே நிஜமான கேள்வி அதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஒரு மாதம் கழித்து

பள்ளிகளுக்குப் போனபோது பார்த்தவை இவை. பாதிக்குமேல் இடங்களில் போர்டின் மேல் துணி. ஒரு பள்ளியில் பழைய பட்டுப்புடவையே போர்த்தியிருந்தார்கள், பார்க்க அம்மன் சன்னிதி மாதிரி இருந்தது. கேட்டால் "ஈரம் ஏறிடும் மேடம்" என்பார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. மூடுபனி நாளில் இங்கே சுவரே வியர்க்கும். சில இடங்களில் வெள்ளிக்கிழமை மதியம் பாட்டுப் போட மட்டும். டேப் எல்லா இடத்திலும் வேலை செய்துகொண்டிருந்தது, ஆனால் வருகைப் பதிவுக்கும், பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்துக்கும், எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டைப் பதிவேற்றவும். கற்பிக்க அல்ல. டேப்பை எடுத்தாலே பதிவேடு என்ற எண்ணம் ஆசிரியர் மனதில் உட்கார்ந்துவிட்டது. இந்த எண்ணத்தைக் கலைப்பது போர்டைத் தொடக் கற்றுக்கொடுப்பதைவிட நூறு மடங்கு கஷ்டம்.

ஒரே ஒரு பள்ளி வேறு மாதிரி இருந்தது. அங்கே நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போர்டின் முன்னால் இரண்டிரண்டு பேராக நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார்கள், டீச்சர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் அரும்பு நிலைப் பிள்ளைகளோடு எழுத்து அட்டையை வைத்து உட்கார்ந்திருந்தார். பயிற்சி நாளில் முன்னால் வராத டீச்சர் இவர். போர்டில் சேமிப்பது எப்படி என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது, அதற்குத் தேவையும் வரவில்லை. அந்த அறைக்குள் நிற்கும்போதுதான் பின்வரிசைக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்று தெரிந்தது. பட்டனில் இல்லை, அறையை அவர் பங்கு போட்டிருந்த விதத்தில் இருந்தது.

ஆசிரியர் கல்வியில் இதற்குப் பழைய பேச்சு உண்டு. புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே எழுதினார்கள்: விளக்கம் சொல்வது, செய்து காட்டுவது, பயிற்சிக் கூடத்திலேயே செய்து பார்க்கச் சொல்வது, இந்த மூன்றும் சேர்ந்தாலும் விஷயம் வகுப்பறைக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான். சக ஆசிரியர் ஒருவர் கூட இருந்து, வகுப்பில் செய்து பார்த்து, பேசிச் சரிசெய்தால்தான் அது பழக்கமாகிறது. புன்யா மிஷ்ராவும் மாத்யூ கோலரும் 2006-இல் இன்னொன்று சொன்னார்கள்: பாட அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தால் ஒட்டாது, மூன்றும் சந்திக்கும் இடம்தான் ஆசிரியரின் அறிவு. 2019-இல் மிஷ்ரா இந்த மூன்றையும் வட்டங்களாகக் காட்டும் தன் படத்தைத் திருத்தி, சூழலைப் பற்றிய அறிவையும் ஓர் அறிவாகவே அதில் சேர்த்தார். நம்முடைய கூடத்துப் பயிற்சியில் தொழில்நுட்பம் மட்டும் இருந்தது. பாடம் இல்லை, முறை இல்லை. இரண்டு அறை, ஐந்து வகுப்பு என்ற சூழல் சுத்தமாக இல்லை.

மாற்றிய விதம்

குறுவள மையக் கூட்டம் சனிக்கிழமைகளில் நடக்கும். அதில் ஒரு கூட்டத்தை நாங்கள் வேறு மாதிரி வைத்தோம். போர்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம், வரும் வாரம் எந்தப் பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் கொண்டு வாருங்கள் என்றோம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்காரர்களாகப் பார்த்து இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்தோம். ஒரு தாளில் முதலில் எழுத வேண்டியது "மற்ற வகுப்பு என்ன செய்கிறது?" என்பதற்கான பதில். அது நிரம்பிய பிறகுதான் போர்டு, டேப், காணொலி எதுவானாலும். போர்டின் முன்னால் எந்தக் கூட்டம், எத்தனை நிமிடம், கையில் என்ன வேலை, முடிந்ததும் டீச்சரிடம் எதைக் காட்ட வேண்டும்.

கேட்க எளிது. முதல் கூட்டத்தில் பலர் "காணொலி பார்ப்பார்கள்" என்று எழுதினார்கள். அங்கேதான் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கும் ஒரு தலைமையாசிரியை எழுந்தார். போர்டை அவர் தொட்டதே இல்லை, தொடப்போவதும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர். "டி.வி. பார்க்கறதுக்கு ஸ்கூல் எதுக்கு டீச்சர்? அது வீட்லயே இருக்கு" என்றார். இளைய ஆசிரியர்களுக்குக் கோபம் வந்தது. ஒரு சார், "நீங்க சாக்பீஸ்ல எழுதிப் போட்டாலும் அவங்க காப்பிதானே அடிக்கிறாங்க மேடம்?" என்று கேட்டார். ரொம்ப நேரம் சூடாகப் போனது. இரண்டு பேர் சொன்னதும் சரி. போர்டில் காணொலியை ஓடவிட்டு நாற்பது நிமிடம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும், கரும்பலகையில் ஒரு பக்கத்தை எழுதிப்போட்டு அதையே செய்வதும் ஒரே காரியம்தான், முன்னதற்குக் கரண்டு செலவு அதிகம். கடைசியில் அந்த மேடம் சொன்னதே விதியானது: கையில் வேலை இல்லாமல் திரைக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது, கால் மணிக்குமேல் ஒரே கூட்டம் அங்கே நிற்கக் கூடாது. ஓர் ஆண்டு முழுக்க எங்களுக்கு உதவிய விதி, கருவியைத் தொடாதவரிடமிருந்து வந்தது.

அடுத்த சிக்கல், ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்ப்பது. புத்தகத்தில் அது சுலபம். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை இன்னொரு பள்ளிக்கு அனுப்பினால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். சாயங்காலம் போகலாம் என்றால் கடைசி பஸ், அதற்கு முன்னால் காட்டுமாடு. எஸ்டேட் பாதையில் பொழுது சாய்ந்து நடக்க யாரும் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது. அதனால் செல்போனை ஜாமெட்ரி பாக்ஸில் சாய்த்து வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டு வரச் சொன்னோம். அதற்கும் ஒரு கட்டுப்பாடு: கேமரா டீச்சரையும் போர்டையும் பார்க்க வேண்டும், பிள்ளைகளின் முகத்தை அல்ல, பதிவை ஜோடி ஆசிரியர் மட்டும் பார்ப்பார், எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போகாது, பார்த்ததும் அழித்துவிட வேண்டும். இதை எழுதி வைத்த பிறகுதான் தயங்கிய பலர் ஒத்துக்கொண்டார்கள். தன் வகுப்புக் காணொலி மேலிடத்துக்குப் போய்விடும் என்ற பயம் ஆசிரியர்களிடம் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

மூன்று வகுப்புகள்

பின்னப் பாடம் முதலாவது. போர்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்த அதே டீச்சர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப் பயிற்சிகளில், அதாவது திரையில் தொட்டு மாற்றிச் செய்து பார்க்கும் பயிற்சிகளில், பின்னத்துக்கு ஒன்று இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும், பென் டிரைவ் போதும். அவர் முதலில் காகிதத்தை மடிக்க வைத்தார். பாதி, கால், அரைக்கால். அதன் பிறகுதான் போர்டு. முதல் வாரம் எல்லோரும் ஓடிப்போய் தொட்டதில் அரும்புக் கூட்டமும் எழுத்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது வாரம் ஜோடி ஜோடியாக அனுப்பினார், ஒருவர் தொட்டால் மற்றவர் நோட்டில் வரைய வேண்டும். நோட்டில் வரைவது சேர்ந்ததும் எல்லாம் மாறியது, ஏனென்றால் திரையில் தப்பாகப் போனதை அழித்துவிடலாம், நோட்டில் வரைந்தது டீச்சர் கண்ணில் படும். மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டால் வட்டத்தை மூன்று கோடு போட்டு வெட்டும் பிள்ளைகள் யார் யார் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. ஜோடி ஆசிரியர் பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே கருத்து, "டீச்சர், அந்த உயரமான பொண்ணு மட்டும்தான் தொடுது" என்பது. டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அது அவருக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு நடுவில் கைதட்டினால் ஆள் மாற வேண்டும் என்று வைத்தார்.

இரண்டாவது, நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மின்னியல். அறிவியல் ஆசிரியர் ஆர்வமானவர், ஹைடெக் லேபில் ஃபெட்டின் மின்சுற்று அமைப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று திட்டம் போட்டு வந்திருந்தார். ஆனால் அந்த உருவகப் பயிற்சியில் மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஒரு பையன் அதைக் கண்டுபிடித்தான். அவ்வளவுதான், லேப் முழுக்கத் தீ. யாரும் பல்பைத் தொடவில்லை. அந்தப் பீரியட் போனது, அடுத்த பீரியடும் போனது. அவர் கூட்டத்தில் வந்து ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

அவருடைய ஜோடி கேட்டார்: "ஏன் சார், அதுதானே பாடம்?" மழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் லைன்மேன் வரும்வரை இருட்டில் கிடப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கம், ஃபியூஸ் போவதைப் பார்த்திருக்கிறார்கள், ஏன் போகிறது என்று யாரும் சொன்னதில்லை. மறுவாரம் அவர் நிஜமான பேட்டரி, கம்பி, டார்ச் பல்பு கொண்டு வந்தார். பேட்டரியைக் குறுக்கே இணைத்து, ஒரு நொடி, கம்பி சூடாவதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி உடனே எடுத்துவிட்டார். திரையில் தீ, கையில் சூடு, நடுவில் பல்பு வந்தால் ஏன் இரண்டும் இல்லை? தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் அந்தக் கேள்விக்குள்ளே தானாக வந்தன. இந்த வகுப்பைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. உருவகப் பயிற்சியில் பிள்ளை எதைச் செய்து விளையாடும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே விளையாடிப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சியில் அதற்கு நேரம் கொடுப்பதே இல்லை. கருத்தாளர் சரியான வழியைக் காட்டுவார், ஆசிரியர் சரியான வழியையே பார்ப்பார், பிள்ளை முதலில் தப்பான வழியில் போகும். அதன் பிறகு ஜோடிக் கூட்டங்களில் "இதைக் கெடுத்துப் பாருங்கள்" என்று கால் மணி ஒதுக்கினோம். ஆசிரியர்கள் அவ்வளவு சந்தோஷமாக வேறெதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது, அதில் செயலியே இல்லை. பழங்குடிக் குடியிருப்பை ஒட்டிய பள்ளி, ஒன்று-இரண்டாம் வகுப்பு. "படத்தைப் பார்த்துப் பேசு" என்று வந்தால் பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள். படத்தில் தென்னந்தோப்பு, வயல், மாட்டுவண்டி. பாடநூலைக் குறை சொல்லவில்லை, மாநிலம் முழுமைக்கும் ஒரே நூல் என்றால் அப்படித்தான் இருக்கும். அந்த டீச்சர் பள்ளிக்கு நடந்து வரும் வழியை செல்போனில் படம் எடுத்தார்: ஓடை, பலா மரம், தேயிலை மூட்டை ஏற்றும் லாரி, முந்தின இரவு கரடி பிய்த்துப்போட்ட சத்துணவுக் கூடத்தின் கதவு. கரடிக்கு எண்ணெய் வாசனை பிடிக்கும், இந்தப் பக்கம் அது புதிய செய்தி இல்லை. படங்களைப் பென் டிரைவில் போட்டு ஸ்மார்ட் போர்டில் வரிசையாகக் காட்டினார். கரடிக் கதவு வந்ததும் ஒரே கூச்சல். முதலில் தங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னார்கள், அதை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி டீச்சருக்குத் தமிழில் சொன்னாள், டீச்சர் அந்தத் தமிழ் வாக்கியத்தை போர்டில் படத்தின் கீழேயே எழுதினார். அன்றைக்கு வாசிப்புப் பாடம் அதுதான். ஒரு பருவம் முடியும்போது அவரிடம் இப்படிச் சில படத்தொகுப்புகள் சேர்ந்திருந்தன. நான் பார்த்ததில் சிறந்த டிஜிட்டல் வகுப்பு இது என்பேன். ஆனால் கண்காணிப்புப் படிவத்தில் "எந்தச் செயலி பயன்படுத்தப்பட்டது?" என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அவர் கோடு போட வேண்டியிருந்தது.

கரண்டு, நெட், மற்றவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மலையில் இருப்பவர்களுக்குப் புதிது இல்லை. 1932-லிருந்தே பைக்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தாவில் மின் நிலையம் மின் நிலையமாக இருக்கிறது, ஆனாலும் ஒரு சில்வர் ஓக் சாய்ந்தால் பள்ளியில் கரண்டு கிடையாது. இணையத்தை நம்பித் திட்டம் போட்ட வகுப்புகள் பாதியில் நின்றன, பென் டிரைவை நம்பியவை நின்றதில்லை. கல்வித் தொலைக்காட்சிக் காணொலிகளையும் ஊரில் நெட் கிடைக்கும் இடத்திலேயே இறக்கிக்கொண்டு வரச் சொன்னோம். தாளில் "கரண்டு இல்லாவிட்டால்?" என்று ஒரு வரி சேர்த்தோம். நல்ல பாடத்திட்டமாக இருந்தால் அந்த வரி நிரம்பிவிடும். நிரம்பவில்லை என்றால் அந்த வகுப்பு போர்டுக்காகவே போடப்பட்டது என்று அர்த்தம்.

எது மாறியது, எது மாறவில்லை

மதிப்பெண்ணை வைத்து இதை அளக்கவில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு குடும்பம் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டால் சராசரியே மாறிவிடும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெருமை பேசுவதும் வெட்கப்படுவதும் இரண்டுமே வீண். நாங்கள் பார்த்தது வேறு: போர்டு ஓடும்போது டீச்சர் எங்கே இருக்கிறார்? ஆண்டின் தொடக்கத்தில் போர்டைப் பயன்படுத்தியவர்கள், அந்த ஒரு டீச்சரைத் தவிர, எல்லோருமே போர்டின் பக்கத்தில் நின்றார்கள். ஆண்டுக் கடைசியில் ஜோடியாக வேலை செய்தவர்களில் பலர் தரையில், எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு இதுதான் பலன். கருவி கற்பிக்கவில்லை, கற்பிக்கும் ஆளுக்குக் கால் மணி வாங்கிக்கொடுத்தது.

மாறாதவையும் நிறைய. சில பள்ளிகளில் துணி இன்னும் போர்டின்மேல்தான். காரணம் கேட்டால் ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்று: ஒரு இடத்தில் பழுது பார்க்க ஆள் வரவில்லை, ஒரு இடத்தில் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம், ஒரு இடத்தில் தலைமையாசிரியருக்கும் உதவி ஆசிரியருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியாகச் சொன்னதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. டேப்பில் பதிவேற்றும் வேலை குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. ஜோடி முறை எல்லோருக்கும் ஒத்துவரவும் இல்லை. இரண்டு பேருமே கூச்சப்படுபவர்களாக அமைந்துவிட்ட மேசையில் "நல்லா இருந்துச்சு டீச்சர்", "உங்களுதும் நல்லா இருந்துச்சு சார்" என்பதைத் தாண்டிப் பேச்சு போகவே இல்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் மேம்பாடு என்கிறது. கொள்கை மேல் ஆயிரம் சண்டை இருக்கட்டும், மணி நேரம் என்ற அளவுகோல் பற்றி மட்டும் ஒன்று கேட்கிறேன். கூடத்தில் உட்கார்ந்த நேரத்துக்கு வருகைக் கையெழுத்து உண்டு, கட்டகத்தை முடித்தால் சான்றிதழ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜோடி ஆசிரியரின் பத்து நிமிடப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "அந்தப் பொண்ணு மட்டும்தான் தொடுது" என்று போன் செய்து சொன்ன நேரத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? ஆசிரியர்களுக்கான யுனெஸ்கோவின் தகவல் தொழில்நுட்பத் திறன் வரையறை 2018-இல் மூன்றாம் பதிப்பாக வந்தது, அது திறனை அறிவு பெறுதல், ஆழப்படுத்துதல், உருவாக்குதல் என்று மூன்று படியாக வைக்கிறது. கரடிக் கதவைப் படமெடுத்த டீச்சர் மூன்றாம் படியில் நிற்கிறார் என்பது என் வாதம். நம் பதிவேட்டில் அவர் முதல் படியையே தாண்டவில்லை.

மாறுதல் கலந்தாய்வில் இரண்டு ஜோடிகள் பிரிந்துவிட்டன. ஒருவர் சொந்த ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டார், வாழ்த்தித்தான் அனுப்பினோம். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் சமவெளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று இருந்து பழகியவர். அவரிடம் பென் டிரைவையும், நிரப்பிய தாள்களைக் கட்டிய ஒரு கோப்பையும் கொடுத்திருக்கிறோம், "மற்ற வகுப்பு என்ன செய்கிறது?" என்ற முதல் வரியைப் பார்த்துவிட்டு "எந்த மற்ற வகுப்பு?" என்று கேட்டார். பள்ளி திறந்த மறுநாள் அவரே போன் செய்து ஜோடி யார் என்று விசாரித்தார்.

அடுத்த ஆண்டுக்கு மேலே மூன்று விஷயம் கேட்டு எழுதியிருக்கிறோம். இரண்டாம் பருவப் பயிற்சியை அக்டோபர் மழைக்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவை நினைவில் வைத்திருக்கும் எவரும் அந்த மாதத்தில் ஆசிரியர்களை மலைச் சாலையில் அலைக்கழிக்கமாட்டார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் அடுத்த வாரப் பாடத்தோடு வர வேண்டும் என்று சுற்றறிக்கையிலேயே போட வேண்டும். கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு போதும், ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார மேசைகள் வேண்டும். முதல் இரண்டுக்கும் பார்க்கலாம் என்றார்கள். மேசைக்கு நிதித் தலைப்பு இல்லையாம், பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பேசிக்கொண்டிருக்கிறோம்.